ஏழாவது வில்லை

சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய நான்கு வேகன்கள்
பொஹுமீனுக்கு அருகே கவிழ்ந்தன.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
வழக்கு மட்டும் இருக்கிறது,
உலைக்காரர்களுக்கும் காப்பீட்டுக்காரர்களுக்கும் நடுவே,
ஒடிந்த அச்சு ஒன்றின் பேரில்.

நான்கு பேர் சேர்ந்து தூக்கிய இரும்பை
அறுத்து அறுத்து, தேய்த்துத் தேய்த்து,
சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக்கி
ஆஸ்த்ராவாவின் ஈர ஜனவரியில்
யர்மிலாவின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஆறு வில்லைகள் போய்விட்டன.
ஒன்று கறுத்தது.
ஒன்றுக்கு அம்மை வார்த்தது.
ஒன்றை இடுக்கி வளைத்துவிட்டது என்றாள்.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்,
அது அவளுக்கும் தெரியும்.
மற்ற மூன்றைப் பற்றி ராதிம் கேட்கவில்லை.

திரவ நைட்ரஜனைச் சாய்க்கிறாள்.
தொட்டி புகைகிறது.
மைனஸ் இருபத்தெட்டு. இன்னும் கொஞ்சம். முப்பது.
இருபுறமும் இரண்டு தாரைகள்
வில்லையின் நடுவைக் குறிவைத்துப் பாய்கின்றன.
மேட்டைத்தான் முதலில் தின்னும் அமிலம்,
பள்ளத்துக்குப் பிறகு வரும்.
அதற்குப் பெயர் மெருகு.

துளை விழுந்ததும் அலற வேண்டிய மணி
நவம்பரிலிருந்து ஊமை.
அறை விளக்கை அணைத்துவிட்டுத்
தொட்டியின் சின்னச் சன்னலில் கண்ணை வைக்கிறாள்.
இருட்டு.
இருட்டு.
மூக்கு அரிக்கிறது, சொறியக் கூடாது.
இருட்டு

ஊசி குத்தியதுபோல் ஒரு வெளிச்சம்.
எடு!
மெத்தனாலில் ஒரு முக்கு, இரண்டு, மூன்று.
மூச்சை அப்புறம்தான் விட்டாள்.

துளையை யாரும் பார்க்கப்போவதில்லை.
அதன் கரைதான் வேண்டும்:
எலக்ட்ரான் நுழைந்து வெளியேறும் அளவுக்கு
இரும்பு தன் கனத்தை மறந்துபோன
அந்த ஓரம்.

கீழ்த்தளத்தில், நள்ளிரவு தாண்டி,
பச்சைத் திரையில்
சீப்பில் சிக்கிய முடிபோல் பிறழ்வுக் கோடுகள்.
அவற்றினூடே, படிக எல்லை ஒன்றில்,
கறுப்பாகச் சல்பைடு,
எறும்புச் சாரி.
"உலையில் சூடு மிஞ்சியிருக்கிறது," என்றான் ராதிம்.
"இடப்பக்கம் நகர்த்து."
நகர்த்தினாள்.
சாரி கரை வரை வந்து
வெள்ளை வெளிச்சத்தில் விழுந்துவிட்டது.

மிச்சச் சாட்சி மாடியில்,
கழிவு என்று எழுதிய புட்டியில்,
மஞ்சளாகக் கரைந்து கிடக்கிறது.

அறிக்கையில் எழுதினாள்:
துளை வரை தெரிகிறது.
'துளை வரை' என்பதை அடித்தாள்.
மறுபடி அதையே எழுதினாள்.

"எட்டாவது இருக்கிறதா?"

ராதிம் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினான்.
ஏதோ ஒன்று சத்தம் போட்டது.