கசிவு

பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு
சூடு ஆறக் காத்திருந்தேன்.
பெட்ரோல் பங்க் வரை போய் வந்த சூடுதான்,
ஆனாலும் அவசரப்பட்டால் இரும்பு விரியும் என்பான்
குகை இலியாஸ்.

மாமாங்கத்தில் வீடு.
வெள்ளைக்கல் லாரி போகும் சாலை.
பதினோரு வருடத்துப் பொடி
என்ஜின் மேல் பல்பொடி கொட்டியதுபோல் கிடந்தது.
விரலால் 'விற்பனைக்கு' என்று எழுதிப் பார்த்தேன்.
இரண்டு 'ற்' போட்டுவிட்டேன்.
அழித்தேன்.

பத்தாம் நம்பர் ஸ்பானர்.
பேட்டரியின் மைனஸை முதலில் கழற்ற வேண்டும்.
ஆல்டர்னேட்டருக்கு ஜவுளிக்கடைப் பை,
ஏர் ஃபில்டர் வாய்க்கு இன்னொன்று, ரப்பர் பேண்ட்.
காதுவலிக்காரனுக்குத் தலைக்கு ஊற்றுமுன்
பஞ்சு வைப்பதுபோல.

தவமணி கதவருகில் நின்று,
"நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி" என்றாள்.
"ஒரு வாளிதான்."
ஒரு வாளி என்றால் மூன்று
என்பது அவளுக்கும் தெரியும்.

வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில்
ஏற்காடு கொஞ்சம் தங்கியிருந்தது:
சில்வர் ஓக் இலைகள், வெள்ளி முதுகு கறுத்து;
உலர்ந்த மிளகு இரண்டு;
ஒயரைக் கவ்விப் பிடித்தபடி
ஒரு சில்வண்டுக் கூடு.
உள்ளிருந்தது எந்தக் கொண்டை ஊசியில்
இறங்கிக்கொண்டதோ.
கால் ஒடியாமல் எடுத்து
காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தேன்.

பாத்திர சோப்பு நுரைத்தது.
பழைய டூத்பிரஷ் போன இடமெல்லாம்
எழுத்துகள் எழுந்து வந்தன,
வார்ப்பில் பதித்த எண்கள், ஓர் அம்புக்குறி.
ஒரு போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயின்ட்டில் சின்னக் கோடு.
எங்கோ ஒரு தொழிற்சாலையில்
எவரோ முறுக்கிப் பார்த்து,
சரி, என்று இழுத்த கோடு.
அதன்மேல் பிரஷ் படாமல் சுற்றிப் போனேன்.

வால்வு கவர் ஓரத்தில்
கறுப்பாக, பிசுபிசுப்பாக, அது.
"கேஸ்கட்ட மாத்துண்ணே" என்று
இலியாஸ் மூன்று முறை சொல்லியிருந்தான்.
தூசியைத் துடைத்தேன்.
பிறகு அதையும் துடைத்தேன்.
ஒரே துணிதான்.

நான்கு மணிக்கு ஓமலூரிலிருந்து ஜெயக்கொடி வந்தாள்.
ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள்.
கூட வந்த தம்பி சீட்டைத் தடவினான்,
பாட்டுப் போட்டுப் பார்த்தான்.
அவள் டயரை உதைக்கவில்லை.
பானெட்டைத் திறக்கச் சொல்லி
செல்போன் வெளிச்சத்தில் நெடுநேரம் குனிந்திருந்தாள்.

"எதைத் தொடைச்சீங்க?"

'நல்லா வெச்சிருக்கீங்க' இல்லை.
'ஏன் தொடைச்சீங்க' இல்லை.
எதை.

மைலேஜுக்குப் பதில் வைத்திருந்தேன்,
இன்சூரன்சுக்கு, கிளட்ச்சுக்கு,
இடது கதவின் கீறலுக்குக்கூட.
காபியோடு வந்த தவமணி
படியிலேயே நின்றுவிட்டாள்.
"இங்க" என்று தொட்டுக் காட்டினேன்.

"ஓடவிடுங்க."

ஓடியது. பால் பொங்கக் காத்திருப்பவர்கள்போல
இரண்டு பேரும் குனிந்து நின்றோம்.
தம்பி பாட்டை நிறுத்தினான்.
பத்து நிமிடமோ பன்னிரண்டோ.
வந்தது,
ஒரு கடுகளவு, தேன் நிறத்தில்.
தொட்டாள், முகர்ந்தாள்,
"இவ்ளோதானா" என்றாள்.

இரண்டாயிரத்து ஐந்நூறு குறைத்தாள்.
அன்றிரவு தவமணி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்:
மூன்று வாளித் தண்ணீர், ஒரு டூத்பிரஷ்,
இரண்டாயிரத்து ஐந்நூறு.
"தொடைக்காம விட்டிருந்தாலும் கொறச்சிருப்பா" என்றேன்.
"கேட்டிருக்க மாட்டா" என்றாள் அவள்.

வண்டி போய் ஒரு வாரம்.
நின்ற இடத்தில் ஈரம் காய்ந்து வட்டமாக ஒரு கறை.
சுவர்மேல் வைத்த கூடு
பறக்காமல் அப்படியே இருக்கிறது.
முதுகில் மெல்லிசாக
வெள்ளைப் பொடி.