எண்பத்தைந்து மில்லிமீட்டர்

உங்கேனி நிலையத்துக் கொட்டகையில்
இரவு ஒன்றேகாலுக்கு
ரயிலைத் தூக்குகிறார்கள்.
ஆட்களோடு, மூட்டைகளோடு,
தூங்குகிறவர்களின் குறட்டையோடு.

ப்ருட் ஆற்றுக்கு இந்தப் பக்கம்
தண்டவாளம் அகலம்.
அந்தப் பக்கம் குறுகல்.
வித்தியாசம்
அக்சேனியாவின் உள்ளங்கை அளவு.
வேலைக்கு வந்த முதல் நாள்
கையுறையைக் கழற்றி வைத்துப் பார்த்தாள்.
சரியாக இருந்தது.
இதற்காகவா இத்தனை கிரீஸ் என்றாள்.
கெனாடியே சிரிக்கவில்லை.
ஜாக்கியின் பொத்தானை அழுத்தினான்.

பெட்டி மெல்ல எழுகிறது.
கண்ணாடித் தம்ளரில் தேநீர் அலுங்குவதில்லை.
சக்கரங்கள் மட்டும் தரையில்,
யாரோ கழற்றிவிட்டுப் போன செருப்பாக.

இறங்கக் கூடாது.
இந்த நாட்டை விட்டுப் போனதாக
முத்திரை குத்தியாயிற்று.
வந்து சேர்ந்ததாகக் குத்த வேண்டியவர்
பாலத்துக்கு அப்பால்
கொட்டாவி விட்டபடி இருக்கிறார்.
கழிப்பறைகளுக்கும் பூட்டு.
இரண்டரை மணி நேரம்
அறுபது பேர் அந்தரத்தில்.

இத்தனைக்கும் இரு கரையிலும் பேச்சு ஒன்றுதான்.
ரொட்டிக்கு ஒரே சொல். ஆற்றுக்கு ஒரே சொல்.
திட்டுவதற்கும்.

ஒரு நவம்பரில்
ஐந்தாம் பெட்டியின் சன்னலை இறக்கி
முன்பல் விழுந்த பையன் ஒருவன் கேட்டான்:
"அக்கா, நாம இப்ப எந்த நாட்டுல இருக்கோம்?"
அவள் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தாள்.
"நீ எங்கேயும் இல்லை. நான் உங்கேனியில்."
அவனுக்கு அது பிடித்துப்போயிற்று.
எங்கேயும் இல்லை எங்கேயும் இல்லை என்று
மேல்படுக்கையிலிருந்து கீழ்ப்படுக்கைக்குக்
குதித்துக்கொண்டே இருந்தான்
அம்மா அதட்டும் வரை.

அன்றைக்குத்தான்
எண் குறிக்கும் சுண்ணக்கட்டியால்
அகலச் சக்கரத்தின் இரும்புச் சட்டத்தில், உட்புறமாக,
எண்ணுக்குக் கீழே இரண்டு வரி எழுதினாள்:
இருட்டில் ஒரு வீடு
கால்களைத் தேடி எழுந்து நிற்கிறது.

வீட்டில் மேசை இருக்கிறது. நல்ல விளக்கு.
ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறாள்.
எழுதினால் மளிகைக் கணக்கு வருகிறது.
இங்கேயோ
ஒரு ஜோடி உருண்டு போய்
மறு ஜோடி உருண்டு வருவதற்குள்
பெட்டிக்கு அடியில்
ஒன்றுமே இல்லாத பதினோரு நிமிடம்.
குளிர் ஊடே போய் மறுபுறம் வெளியேறும்.
அப்போது பார்த்து ஒரு சொல் வரும்,
உயிரும் உயிரும் முட்டிக்கொள்ளாமலிருக்க
நடுவில் வந்து நிற்குமே ஒரு மெய்,
முன்சொல்லிலும் சேராமல்
பின்சொல்லிலும் சேராமல்,
அந்த மாதிரி.
(இந்த ஒப்பு என்னுடையது.
அவளிடம் சொன்னால்
அதற்குப் பெயர் கிரீஸ் என்பாள்.)

அகலச் சக்கரங்கள் ஆற்றைத் தாண்டுவதில்லை.
மறுநாள் வேறொரு பெட்டியைச் சுமந்து
கிஷினாவுக்கே திரும்பிவிடும்.
ஒன்பது நாள் கழித்து
அதே சட்டம் வந்தது.
அவள் எழுத்து பாதி சேறு.
கீழே நீலச் சுண்ணத்தில் வேறொரு கை:
இடது பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது.
வீடு நிற்கவில்லை, தொங்குகிறது.

யார் இவன்?
காது மடல் வரை சூடேறியது.
உன்னை யாராவது கேட்டார்களா என்று
இரும்பிடம் உரக்கவே சொன்னாள்.
கெனாடியே திரும்பிப் பார்த்தான்.

பிரேக் கட்டையை மாற்றினாள்.
நிஜமாகவே தேய்ந்திருந்தது.

பிறகு குந்தி உட்கார்ந்து
கைவிளக்கை வாயில் கவ்வியபடி
'நிற்கிறது' மேல் ஒரு கோடு இழுத்தாள்.
'தொங்குகிறது' மேலும்.
தலைக்கு மேலே அறுபது பேர்.
யாரோ செருப்பைத் தேடும் சத்தம்.
யாரோ பிளம் பழம் கடிக்கும் சத்தம்.
நிற்பதுமில்லாமல் தொங்குவதுமில்லாமல் இதற்கு
ஒரு வினைச்சொல் இருந்தாக வேண்டும்,
நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது,
சுண்ணக்கட்டி இரும்பைத் தொட்டும்விட்டது.

விசில்.
சட்டம் நகர்ந்தது,
இரண்டு கோடுகளோடு,
அவற்றுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளியோடு.

குறுகல் சக்கரங்கள் வந்துகொண்டிருந்தன.
அவள் ஆறாம் பெட்டிக்குப் போனாள்
இடது பிரேக் கட்டையைப் பார்க்க.