முப்பத்தேழு பாகையில் ஒரு பல்லுக்கொழுக்கட்டை

காண்டாவன வெயில்
திருநெல்வேலிச் சந்தியில் தார் உருக்கிக்கொண்டிருக்க
உள்ளே, அடைகாப்புப் பெட்டியில்
முப்பத்தேழு பாகை.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
கறன்ட் போனால் ஜெனரேற்றரடிக்கு ஓடுகிறேன்.
எனக்காக அல்ல.

இரண்டு குடுவை.
பதினேழாம் இலக்கம்
கொட்டடியில் ஓட்டோ ஓடும் செபஸ்தியாம்பிள்ளை
கன்னத்தைப் பொத்தியபடி கையெழுத்து வைத்துத் தந்த
கடைவாய்ப் பல்லு.
பதினெட்டு என்னுடையது.
ஒப்பிட ஆள் காணாதென்று
நானே கதிரையில் ஏறி வாய் திறந்தேன்.

பல்லைப் பிளந்தால் நடுவில் கல் இல்லை.
சிவந்த கூழ், அரிசிமணி அளவு.
அதற்குள்
இன்னும் எதுவாகவும் ஆகாத கலங்கள்.
கருவின் முதுகோரம் புறப்பட்டு
தாடையில் கரையேறியவை.
கலம் என்று பேர் வைத்தவன்
தோணியையும் நினைத்திருப்பான்.
நரம்பும் இவையும்
ஒரு துறையில் பாய் விரித்த சாதி.

அவற்றின் முன் தட்டு வைக்கிறேன்,
முதல் பல்லு முளைத்த பிள்ளையை இருத்தி
கொழுக்கட்டை சொரிந்து
கொப்பி, பேனை, கத்தரிக்கோல், காப்பு
பரப்பி வைப்பதுபோல.
இங்கே சொரிவது வளர்ச்சிக் காரணிகள்.
தட்டில்
எலும்பு, கொழுப்பு, பல்லோடு, நரம்பு.

எதைத் தொடும்?

தொடுவதற்குக் கை இல்லை.
உள்ளே ஒரு மரபணு
நரம்பின் பேச்சறிந்த மரபணுக்களை எல்லாம்
வாய்மூடி இருக்கச் சொல்லிக் காவல் நிற்கிறது.
அது கொஞ்சம் கண்ணயர வேண்டும்.
பிறகு ஒன்று விழித்து
மற்றதைத் தட்டி எழுப்பி
அது இன்னொன்றை,
விடியற்காலையில் ஒழுங்கை முழுதும்
நாய் குரைத்துப் போவதுபோல.

ஒன்பதாம் நாள் பதினேழு நீண்டது.
பச்சைச் சாயத்தில்
பிய்ந்த வலையின் ஒற்றை நூல்
பக்கத்துக் கலத்தைத் தேடிப் போயிற்று.

பதினெட்டு?
அதே உணவு, அதே சூடு, அதே என் கை.
சுண்ணாம்பு சேர்த்துக்கொண்டு
எலும்பாகும் யோசனையில் கிடந்தது.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்:
தட்டில் நான் எதைத் தொட்டேன்?
"நீ எங்க தொட்டனி,
தலையால உருண்ட கொழுக்கட்டையப்
பொறுக்கித் திண்டனி."

காவல்கார மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்தோம்.
ஓரிடத்தில் அவருக்கு ஓர் எழுத்து, எனக்கு வேறு.
அதுதானா காரணம்?
இரண்டு பேரை வைத்து எதுவும் சொல்லலாகாது
என்று அறிக்கையில் எழுதியதும் நான்தான்.
எழுதிவிட்டு
அந்த ஒற்றை எழுத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
யாரோ என்னைப் பற்றிச் சொன்ன குறையைப்போல.

ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றி வந்தவர்
வாசலில் எட்டிப் பார்த்தார்.
"தங்கச்சி, என்ர பல்லு என்ன செய்யுது?"
"நரம்பாகப் பாக்குது, அண்ணை."
"மூண்டு மாசம் என்னை நித்திரை கொள்ள விடேல்ல.
இனி அதுக்கும் நோகுமோ?"

சிரித்தேன்.
நுணுக்குக்காட்டியடியில் சிரிப்பு நின்றது.
ஒரு மினுக்கம்,
ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு.
பிறகு இருள். பிறகு இன்னொன்று.
செய்தி போகிறது.
நோவதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

என் நாக்கு தானாகப் போய்
பல்லிருந்த குழியைத் தடவியது.
இன்னும் ஆறவில்லை, இலேசாகக் கூசியது.

மணி நாலு.
பதினெட்டுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும்.