இருநூற்றுப் பன்னிரண்டு நாளைக்கு

கீழக்கரை இன்டர்நெட் கடையில்
ஆறாம் நம்பர் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
உப்புக்காற்று குடித்துக் குடித்து
விசைப்பலகையில் பாதி எழுத்து அமுங்காது.
கல்லூரிகளை மேலே இழுக்கிறேன், கீழே விடுகிறேன்.
மாலை ஐந்துக்குப் பட்டியல் பூட்டிக்கொள்ளும்.

கடைக்காரர் ராசகுமார் எட்டிப் பார்த்தார்.
"காக்னிடிவ் சயின்ஸா?
மாத்திரை பேரு மாதிரி இருக்கே புள்ள."
சிரித்தேன். நான் தேடுவதும்
கிட்டத்தட்ட அதைத்தான்.

வாப்பாவுக்கு ஒரு சொல்தான் மிச்சம்.
பதினோரு பாகம் ஆழத்தில் சங்கு எடுத்துவிட்டு
அவசரமாக மேலே வந்த அன்று
வலது கை போனது, பேச்சு போனது,
அத்தனை வசவும் அத்தனை கிண்டலும் போனது,
"நாளைக்கு" மட்டும் கரையேறியது.

சோறு போடவா? நாளைக்கு.
வலிக்குதா? நாளைக்கு.
வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றபோதும்
அதையேதான் சொன்னார்.
அர்த்தம் புரிந்து திரும்பிப் போனவர்
அவர் ஒருவர்தான்.

என் போனில் இருநூற்றுப் பன்னிரண்டு நாளைக்கு இருக்கிறது.
தேதி, நேரம், எதைக் கேட்டபோது
என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறேன்.
தண்ணீர் வேண்டும் நாளைக்கு கடைசியில் மேலேறும்.
மின்விசிறியை நிறுத்து நாளைக்கு
இரண்டாம் எழுத்தில் இடறும்.
உம்மாவைக் கூப்பிடும் நாளைக்கு
மற்றவற்றைவிடக் கால் நொடி நீளம்.
(அளந்தேன். உம்மாவிடம் சொல்லவில்லை.)

துபாயிலிருந்து ஹஸன் மச்சான்:
"வெறும் கம்ப்யூட்டர் எடு. சென்னை. நாலாம் வருஷம் வேலை.
மூளையப் படிச்சா எவன் சம்பளம் தருவான்?"
மதுரை பக்கம். வெள்ளி மாலை பஸ் ஏறினால்
ராச்சாப்பாட்டுக்கு வீடு.
அதன் பாடத்திட்டம் முழுக்கத் தேடினேன்,
மூளை என்று ஓரிடத்திலும் இல்லை.
இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தரும் இடத்துக்கு
இரண்டு ராத்திரி ரயில்.
முப்பதே இடம். போன வருடம் கடைசியாய் உள்ளே போனவருக்கு
நாற்பத்தோரு ரேங்க் பின்னால் நான்.
விடுதிப் படத்தில் சாப்பாட்டுத் தட்டைப் பெரிதாக்கினேன்:
ரொட்டி, பருப்பு, மஞ்சளாய் ஏதோ ஒன்று.
மீன் இல்லை.

போனால், இருநூற்றுப் பதின்மூன்றாவதை
யார் பதிவு செய்வது?
போகாவிட்டால், இந்த இருநூற்றுப் பன்னிரண்டை வைத்து
என்ன செய்வது?

மூன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
ராசகுமார் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்ட
நான் வீட்டுக்கு ஓடினேன்.
"வாப்பா, தூரமாப் போகவா, பக்கத்துலயா?"
என்னைப் பார்த்தார். நீட்டிய போனைப் பார்த்தார்.
இடது கையால் அதை வாங்கி
மடியில் குப்புறக் கவிழ்த்தார்.
பிறகு சொன்னார்.

எந்த வகையிலும் சேரவில்லை அது.
மேலேறவில்லை. இடறவில்லை.
நீளம் எவ்வளவு என்று
இனி ஒருவரும் அளக்க முடியாது.

நாலு ஐம்பத்திரண்டு. அதே குட்டைக்கால் நாற்காலி.
முப்பது இடக் கல்லூரியை முதலில் வைத்தேன்,
மதுரையை இரண்டாவதாக.
ஹஸன் மச்சானின் சென்னை நாலாவது.
மூன்றாவது எது என்று இப்போது நினைவில்லை.
பூட்டவா என்று கேட்டது திரை.

"பாத்து அமுக்கு. நாளைக்கு வந்து அழுதா
என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் ராசகுமார்.
அவர் சொன்ன நாளைக்கு
வெறும் நாளைக்குதான்.

பிரிண்ட் பத்து ரூபாய்.
சில்லறை இல்லையென்று இரண்டு பிரதியாகக் கொடுத்தார்.