களைக்கு விலை

மயூர் விஹார் மேம்பாலத்துக்குக் கீழே
யமுனை மணலில் முள்ளங்கி போடுகிறாள் ஓம்வதி.
குத்தகை நிலம். ஊர் பதாயூன்.
இவ்வளவையும் என் ஓட்டை இந்தியில் கேட்டறிய
மூன்று ஞாயிறுகள் ஆயின.

நாலாவது ஞாயிறு
அவள் பிடுங்கி வரப்பில் எறிந்த குவியலில்
மணத்தக்காளி.
வாய்ப்புண்ணோடு நின்றிருந்தேன்.
இதைத் தா என்றேன்.
"எருமைகூடத் திங்காது, மேடம்."
எவ்வளவு என்று கேட்டதும்
பக்கத்து வயல்காரியைக் கூவி அழைத்தாள்:
மதராஸிக்காரி களைக்கு விலை கேட்கிறாள்!

அதன்பின் பாத்தியோரம் ஒரு முழம்
களையெடுக்காமல் விட்டாள்.
புருஷன் ஏசினானாம். விட்டாள்.

ஆடியில் ஆறு ஏறியது,
சித்திரான்னம் கிளற முடியாத பெருக்கு.
சாலையோரம் நீலத் தார்ப்பாய்,
கட்டில், எருமை, சிலிண்டர், அவள்.
என்ன வேண்டும் என்றேன்.
"இதுக்கெல்லாம் சார்ஜ் போட்டுத் தா."
நான்கு செல்போன்கள்.

என் சமையலறை மேடையில் இரவெல்லாம்
யார் யாரோ கூப்பிட்டார்கள்.
நான் எடுக்கவில்லை.
கழுத்துவரை தண்ணீர் என்பதற்கு
என்னிடம் இந்தி இல்லை.

ஐப்பசியில் அவளே அழைத்தாள்.
"வண்டல் காஞ்சிருச்சு. விதை வாங்கக் காசு வரலை.
உன் களை மட்டும் தானா முளைச்சிருக்கு, வா."

போனேன்.
ஈர வேரோடு கட்டி வைத்திருந்தாள்,
ஏழு கட்டு.
கட்டு இருபது ரூபாய் என்றாள், சிரிக்காமல்.
பத்துக்குக் கேட்டேன்.
முறைத்தாள்.