கூட்டக் குறிப்பில் இல்லாதவை

நவம்பர், இரண்டாம் ஞாயிறு. மழை.
டைக் வீதிச் சபையின் பின்னறையில்
ஒன்பது பேர், தேநீர் எட்டுக் கோப்பை.
ஞாயிறு பாடசாலை அலுமாரியிலிருந்து
சூனியக்காரிகளை அகற்றுவது பற்றி.
செயலாளர் நான். எழுதினேன்.

எபேசு பட்டணத்தில் புத்தகம் எரித்ததை
டெரன்ஸ் ஐயா எடுத்துச் சொன்னார்.
மோசேயின் கோல் பாம்பாகவில்லையா என்று
ஹெப்சிபா ரீச்சர் கேட்டதற்கு
அது வேறு என்றார்.
எப்படி வேறென்று சொல்லத் தொடங்க
கரண்ட் போனது.
இருட்டில் யாரோ சிரித்தார்கள்.
அதை நான் எழுதவில்லை.

போன கிழமை என் மகள்
ஈர்க்கில் ஒன்றை நீட்டி
நாயைப் பூனையாக்கப் பார்த்ததையும்,
நாய் வாலை மட்டும் ஆட்டியதையும்
நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மெழுகுதிரி வந்தபின் செலஸ்ரின் அக்கா எழுந்தா.
கூட்டங்களில் வாய் திறவாதவ.
"மந்திரம் பொய்யெண்டு நான் சொல்லேல்லை.
அது காசு வாங்கும்."
இருந்துவிட்டா.

அவவின் றெக்சன்,
தொண்ணூறில், உட்துறைமுக வீதியால்
ரியூசன் முடிந்து வந்தவன்.
சைக்கிள் மட்டும் வந்தது.
பிறகு பதினொரு வருசம்
வெற்றிலையில் மை தடவி
அந்தா தெரியுறான், நீலச் சேட்டு, என்றவர்களுக்குக்
கன்னியாவில் ஒரு சோடிக் காப்பு,
மூதூரில் சங்கிலி,
படகுக் கூலி வேறு.
நீலச் சேட்டு
வீட்டு றங்குப் பெட்டிக்குள் கிடந்தது,
மடித்தபடி.

தீர்மானம்:
நாற்பத்தொரு புத்தகங்களையும் பூட்டி வைப்பது.
எரிப்பதில்லை, மழை.
திறப்பு என்னிடம்.

ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் போய்விட
குடை தேடுகிறவ போல நின்றா.
மதிலோரம் நகரத்து மான் ஒன்று
தேர்தல் நோட்டீசைத் தின்றுகொண்டிருந்தது.

"அந்தக் கிணத்துப் புத்தகம்...
தங்கச்சியின்ர பேத்தி பாதி வாசிக்கேக்கை
நான்தான் பறிச்சனான்.
அதில கிணத்துக்குள்ள போன பெடியன்
கடைசியில வீட்ட வாறானோ?"

வாறான் என்றேன்.
தண்ணியைப் பேச வைக்கிறவள்
ஒரு சொல் சொல்லுவாள்,
ஈரத் தலையோட வாறான்,
கோப்பையில சோறு ஆற முதல்.

"என்ன வாங்கிக்கொண்டு விட்டவள்?"

கடைசி மூன்று பக்கத்தையும்
மனதில் புரட்டிப் பார்த்தேன்.
ஒண்டும் வாங்கேல்லை அக்கா.

குடையை விரித்தா. மடக்கினா.
"அப்ப அவள் சூனியக்காரி இல்லையே" என்றா,
கடைக்காரன் மிச்சக்காசு
கூடத் தந்துவிட்டதைக் கண்டவ போல.

பாலையூற்று பஸ் வந்தது.
மிதிபலகையில் ஒரு கால் வைத்தபடி
திரும்பிக் கையை நீட்டினா.
திறப்புக்கா, பிடித்து ஏறவா என்று
எனக்கு விளங்க முதல்
கொண்டக்டர் பெடியன்
அவவைத் தூக்கி உள்ளே எடுத்துவிட்டான்.