பின்பக்கம்

எதையும் திருப்பிப் பார்ப்பது எனக்குத் தொழில்.
மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை,
பெரியார் நிலையத்தில் கிழித்துத் தரும் இலவசச் சீட்டு,
திருப்பாமல் எதையும் பைக்குள் போட்டதில்லை.
விதிமுறை அதிகாரி என்று கதவில் எழுதியிருக்கும்.
விற்பனைப் பையன்கள் வைத்த பெயர் முட்டுக்கட்டை.

காளவாசல் பாலத்தை ஒட்டி, செருப்புக்கடை மாடி.
நாங்கள் விற்பது ஃப்ரிட்ஜ் இல்லை, ஏசி இல்லை.
அது படுத்துவிட்டால் வருவோம் என்கிற சொல்.
ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாளுக்கு ஒரு சொல்.
எடை கிடையாது. குடோன் வேண்டாம்.
எலி கடிக்காது.

விதி இப்படிச் சொல்கிறது:
வாங்கிய பணம் இன்னும் உன்னுடையது அல்ல.
ஒரு நாள் கழிந்தால் ஒரு நாளுக்கானது உன்னுடையது.
மீதியைத் தனிக் கணக்கில் போடு. தொடாதே.

முதல்முறை படித்தபோது அது சட்டமாக இருந்தது.
மூன்றாம் முறை,
கைமாற்று வாங்கியவன் நெஞ்சில்
விடியுமுன் உருளும் கல்லாக இருந்தது.

எங்கள் தனிக் கணக்கில்
நாலாயிரத்துச் சொச்சம் கிடந்தது.

மார்ச் முப்பத்தொன்று.
ஏசி விற்கும் ஊரில் எங்கள் ஏசி ஓடவில்லை.
தனுஷ்கோடி சார் படிவத்தை நீட்டினார்.
'ஒதுக்கீட்டுத் தொகை முழுமையாக உள்ளதென உறுதியளிக்கிறேன்.'
கீழே என் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.
"ஏப்ரல்ல போட்டுரலாம்மா. எங்க ஓடிப்போகப் போறோம்?"

அப்போதுதான் அவள் படியேறி வந்தாள்.
கரிமேட்டு மீன்கடை ஜெசிந்தா.
அவளுக்கு முன்னால் அவள் வாசம் வந்தது,
ரிசப்ஷன் பெண் துப்பட்டாவை மூக்குக்கு ஏற்றினாள்.

"முந்தாநேத்து ராத்திரி கரண்டு எகிறுச்சு.
பெட்டி செத்துப்போச்சு.
முப்பத்தெட்டுக் கிலோ சீலாவ
குழி தோண்டிப் பொதச்சிட்டு வாரேன்.
சீட்டு இருக்கு, பாருங்க."

லேமினேஷன் போட்டிருந்தாள்.
கல்லாவுக்கு மேலே தொங்கவிட ஓட்டை குத்தி, நூல் கோத்து.
சிவப்பில் கொட்டை எழுத்து: முழுப் பாதுகாப்பு.
வழக்கம்போலத் திருப்பினேன்.
வெள்ளை.
ஜெராக்ஸ்காரன் முன்பக்கம் மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"பின்பக்கம் எங்கே?"

"பின்பக்கம்னு ஒண்ணு இருக்கா?"

இருக்கிறது, அம்மா.
பதினான்காவது நிபந்தனை, உட்பிரிவு இ,
மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல.
இங்கிலீஷில். எட்டுப் புள்ளி எழுத்தில். சாம்பல் நிறத்தில்.
ஒப்புதல் கொடுத்தவள் நான்.
எழுத்தின் அளவுக்கு விதி இருந்தது,
நிறத்துக்கு இல்லை.
அன்றைக்கு அதை ஒரு திறமை என்று நினைத்தேன்.

இத்தனை வருஷம் திருப்பிப் பார்த்ததில்
படிக்க ஒன்றுமில்லாத பின்பக்கம் இதுதான்.
ஈரக்கை பட்டுப் பட்டு
ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்பு.
நிபந்தனை இல்லாத ஒரு சொல் எப்படி இருக்குமோ
அப்படி இருந்தது.

சொல்ல வேண்டிய வரி எனக்கு மனப்பாடம்.
'வருந்துகிறோம், இந்தக் கோரிக்கை...'
வாயைத் திறந்தேன்.
"உட்காருங்க" என்றுதான் வந்தது.

பிறகு படிவத்தை இழுத்து,
என் பெயருக்கு மேலே
கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்
தொகை இல்லை என்று எழுதினேன்.
தமிழில். கறுப்பு மையில்.
முன்பக்கத்தில்.

தனுஷ்கோடி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
ரொம்ப நேரம்.
கீழே செருப்புக்கடையில் யாரோ
ஒரு காலுக்குச் சேர்கிறது, இன்னொன்றுக்குச் சேரவில்லை என்று
சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நாளை வேலை இருக்குமா, தெரியாது.
ஜெசிந்தாவுக்குப் பணம் வருமா, அதுவும் தெரியாது.
மெக்கானிக் இருளப்பன் மட்டும்
ஆறரை மணிக்கு ஸ்பேனர் பையோடு
கரிமேட்டுக்கு வண்டியைக் கிளப்பினான்.
யார் அனுப்பியது என்ற கட்டம்
பதிவேட்டில் காலியாக இருக்கிறது.

அந்தத் தாளை மட்டும்
நான் திருப்பிப் பார்க்கவில்லை.